புது பெட்டரி வாங்க முதல் ரெண்டு நம்பரைப் பாருங்க

"லெப்டொப் பெட்டரி செத்திட்டு, புதுசு போடோணும்" எண்டு ஆரும் வந்து சொன்னா எனக்கு முதல்ல கோவம்தான் வருது.

சொல்ற ஆளில இல்ல. அப்பிடிச் சொல்லிக் குடுத்த ஆளில.

கிட்டடியில என்ட மருமகள் வந்திரிந்தா. வந்தாறுமூலையில, கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிக்கிற புள்ள. பேக்கைத் திறந்து லெப்டொப்பை மேசையில வெச்சிட்டுச் சொன்னா:

"மாமா, இது ரெண்டு மணித்தியாலம் கூட நிக்குதில்ல. கடையில பெட்டரி மாத்தச் சொல்றாங்க."

"கடையில போட்டுப் பாத்தாங்களா புள்ள?"

"இல்ல மாமா. மொடலைக் கேட்டாங்க. விலையைச் சொன்னாங்க."

இதுதான் எனக்கு ஏலாத விசயம். ஒரு பல்கலைக்கழகப் புள்ளைக்கு அந்தக் காசு சின்னக் காசு இல்ல. லெப்டொப்பைத் திறந்து ஒரு நிமிசம் பாக்காம விலையைச் சொல்லுறதெண்டா, அது வைத்தியம் இல்ல, வியாபாரம்.

சரி, நாங்க பாத்தம்.

பாக்கிறது லேசு. வின்டோஸ் லெப்டொப் எண்டா, ஸ்டார்ட்டில "சிஎம்டி" எண்டு அடிச்சா கறுப்பு ஜன்னல் ஒண்டு வரும். அதில "பவர்சிஎஃப்ஜி /பெட்டரிரிப்போர்ட்" எண்டு (இங்கிலீஷ் எழுத்தில, நடுவில ஒரு இடைவெளி விட்டு) அடிச்சி என்டரைத் தட்டோணும். ஒரு ஃபைல் உண்டாகும். எந்த ஃபோல்டரில இரிக்கு எண்டும் அதுவே சொல்லும். அதைப் பிரௌசரில திறந்தா பெட்டரிட சாதகம் முழுக்க இரிக்கும். புறோகிறாம் ஒண்டும் இறக்கத் தேவையில்ல, காசும் தேவையில்ல.

அதில ரெண்டே ரெண்டு நம்பர் காணும். ஒண்டு "டிசைன் கபாசிட்டி", பெட்டரி புதுசா இரிக்கக்க எவ்வளவு கொள்ளும் எண்டது. மற்றது "ஃபுல் சார்ஜ் கபாசிட்டி", இண்டைக்கு எவ்வளவு கொள்ளுது எண்டது. (மக்புக் வெச்சிரிக்கிற ஆக்கள் சிஸ்டம் இன்ஃபோமேஷனுக்குள்ள பவர் எண்ட இடத்தில சைக்கிள் கணக்கையும் பெட்டரிட நிலையையும் பாக்கலாம்.)

மருமகள்ட பெட்டரி புதுசில 41 வாட்-மணி. இப்ப கிட்டத்தட்ட 30.

அதாவது, கால்வாசி தேஞ்சிரிக்கு. ஓம், தேஞ்சிரிக்கு. ஆனா சாகல்ல!

இனித்தான் கணக்கு. தயவு செஞ்சி இந்த இடத்தை மட்டும் ஓடிப் போகாம வாசிங்க.

30 வாட்-மணி உள்ள பெட்டரி ரெண்டு மணித்தியாலத்தில முடியுதெண்டா, அந்த லெப்டொப் 15 வாட் குடிக்குது. சரியா? இப்ப கடைக்காரர் சொன்ன மாதிரி புது பெட்டரி போட்டம் எண்டு வைங்க. 41ஐ 15ஆல வகுங்க. ரெண்டே முக்கால் மணித்தியாலம்கூட முழுசா வராது. அவ்வளவு காசு குடுத்து முக்கால் மணித்தியாலம் வாங்கிறம்.

மறுகா மற்றப் பக்கம் பாருங்க. பெட்டரியைத் தொடாம, குடிக்கிற 15 வாட்டை ஏழரையாக் குறைச்சா? அதே பழைய பெட்டரி நாலு மணித்தியாலம் நிக்கும்.

மதகைத் திறந்து விட்டுட்டு குளத்தை ஆழமாக்கி என்ன பலன்?

அதனாலதான் நான் முதல்ல செட்டிங்கைப் பாருங்க எண்டு சண்டை பிடிக்கிற. பொறியியலாளரா இரிக்கத் தேவையில்ல. எது எவ்வளவு குடிக்குது எண்டு தெரிஞ்சாக் காணும்.

நாங்க ரெண்டு பேரும் ஒவ்வொண்டா மாத்தி மாத்திப் பாத்தம். ஒண்டை மாத்துறது, கொஞ்ச நேரம் வழமையான வேலையைச் செய்யிறது, எத்தின வீதம் இறங்கிச்சு எண்டு பாக்கிறது. எல்லாத்தையும் ஒரே நேரத்தில மாத்தினா எது உதவிச்சு எண்டு விளங்காது. அப்பிடி மாத்துற ஆக்கள் மற்ற நாளே எல்லாத்தையும் பழைய மாதிரி ஆக்கிப் போடுவாங்க.

முதலாவது, திரை வெளிச்சம். இதைச் சொன்னா "இது தெரியாதா" எண்டு எல்லாரும் தாண்டிப் போவாங்க. ஆனா சும்மா எழுதி வாசிக்கிற நேரத்தில லெப்டொப்பில பெரிய குடிகாரன் திரைதான். மருமகள்ட திரை எப்பவும் 100இல. வீட்டுக்குள்ள, ஜன்னல் சாத்தின அறையில, 100! நாங்க 40க்கு இறக்கினம். கொஞ்ச நேரம் மங்கலாத் தெரிஞ்சிச்சு. பிறகு கண் பழகிட்டு. மறுகா 100க்கு ஏத்திப் பாக்கச் சொன்னன், "ஐயோ மாமா கண் கூசுது" எண்டா.

(கல்லடிப் பக்கம் வாவிக்கரையில பின்னேரம் இருந்து வேலை செய்ய எனக்குக் கொள்ளை ஆசை. ஆனா அங்க பின்னேரத்து வெயில் வாவிக்கு அங்கால இருந்து நேர முகத்தில அடிக்கும். தண்ணியும் மினுங்கும். திரையை முழு வெளிச்சத்தில வெச்சாத்தான் எழுத்துத் தெரியும். அப்பிடி இருந்து எழுதினா பெட்டரி கரையிறது கண்ணுக்கே தெரியும். மரநிழலுக்குள்ள தள்ளி இருந்தா வெளிச்சத்தைப் பாதியாக் குறைக்கலாம். காத்து அங்கயும் வரும்.)

"டார்க் மோட் போட்டா மிச்சம் பிடிக்கலாமா?" எண்டு மருமகள் கேட்டா. நல்ல கேள்வி. திரை ஓலெட் எண்டா ஓம், அதில கறுப்பு எண்டா அந்தப் புள்ளி எரியாது. ஆனா எங்கட ஆக்கள்ட கையில இரிக்கிற கனக்க லெப்டொப் எல்சிடி. அதில பின்னால உள்ள வெளிச்சம் கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒரே மாதிரித்தான் எரியும். கண்ணுக்குச் சுகம் எண்டா வைங்க. பெட்டரிக்கு எண்டு வைக்க வேணாம்.

ரெண்டாவது, பவர் மோட். செட்டிங்கில சிஸ்டம், அதுக்குள்ள பவர் அண்ட் பெட்டரி. அங்க "பெஸ்ட் பெர்ஃபோமன்ஸ்" எண்டு கிடந்திச்சு. லெப்டொப் வாங்கின நாளில "ஸ்பீடா வேலை செய்யும்" எண்டு ஆரோ போட்டு விட்டது. கட்டுரை அடிக்கிற புள்ளைக்கு எதுக்கு அந்த ஸ்பீட்? "பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி"க்கு மாத்தினம். வேர்டும் பிடிஎஃப்பும் அதே மாதிரித்தான் ஓடிச்சு. ஒரு வித்தியாசம் மட்டும் தெரிஞ்சிச்சு: காத்தாடிச் சத்தம் நிண்டிட்டு. வின்டோஸ் 11இல புது பதிப்பு எண்டா அதே இடத்தில "எனர்ஜி சேவர்" இரிக்கும். பெட்டரி குறைஞ்ச பிறகுதான் அது தானா எழும்பும். கரண்ட் இல்லாத நாளில அதை முதல் நிமிசத்திலயே போட்டு விடுங்க. மிச்சம் பிடிக்கிறது நிறைய இரிக்கக்க செய்யிற வேலை, முடியப் போகக்க இல்ல.

இன்னும் கொஞ்சம் உள்ளுக்குப் போக விருப்பம் உள்ள ஆக்களுக்கு ஒண்டு. பழைய கன்ட்ரோல் பெனலில பவர் ஒப்ஷன்ஸ், அதில அட்வான்ஸ்ட், அதில "மெக்சிமம் புரொசெசர் ஸ்டேட்". பெட்டரியில ஓடக்க அது 100 எண்டு இரிக்கும். 99 ஆக்குங்க. ஒரு வீதம்தானே எண்டு நினைப்பீங்க. ஆனா 100க்குக் கீழ வந்த உடனே கனக்க லெப்டொப்பில "டேர்போ" எண்ட வேகம் நிண்டிடும். சூடு குறையும், காத்தாடி அடங்கும். (சில புது லெப்டொப்பில இந்த வரி மறைஞ்சிரிக்கும். இல்லாட்டி விடுங்க, மேல சொன்ன பவர் மோட் காணும்.)

மூண்டாவதும் பெரிய ஆள்தான். பிரௌசர்.

பேஸ்புக் ஒரு டெப், யூடியூப் ஒரு டெப், வட்சப் வெப், பாட்டு ஒண்டு, கெம்பஸ்ட பாடத் தளம், மறுகா எப்பவோ திறந்து மறந்த செய்தித் தளங்கள், ஒவ்வொண்டிலயும் அசையிற விளம்பரம். கண்ணுக்குத் தெரியாட்டியும் எல்லாம் உள்ளுக்குள்ள ஓடிக் கொண்டுதான் இரிக்கும். குரோமில செட்டிங்குக்குள்ள "பெர்ஃபோமன்ஸ்" எண்டு ஒரு இடம் இரிக்கு. அதில "மெமரி சேவர்", "எனர்ஜி சேவர்" ரெண்டையும் போடுங்க. எட்ஜ் பாவிக்கிற ஆக்களுக்கு அதிலயும் இப்பிடி ஒண்டு இரிக்கு. எங்களுக்கு திரைக்கு அடுத்ததாக் கூட மிச்சம் தந்தது இதுதான்.

யூடியூப்பைப் பத்தித் தனியாச் சொல்லோணும், ஏனெண்டா இது எங்கட ஆக்களுக்கு முக்கியம். இங்க கனக்கப் பேர் பாவிக்கிறது கை மாறின லெப்டொப். இன்டெல் 6ஆம் தலைமுறை, 8ஆம் தலைமுறை எண்டு. யூடியூப் இப்ப வீடியோவை விபி9, ஏவி1 எண்ட முறையில சுருக்கி அனுப்புது. ஏவி1ஐ விரிக்கிற வன்பொருள் இன்டெல்லில 11ஆம் தலைமுறையிலதான் வந்தது. விபி9க்கு முழு உதவி 7ஆம் தலைமுறையில இருந்து. அதுக்கு முந்தின லெப்டொப்பில அந்த வேலை கனக்கப் புரொசெசர்ட தலையில விழும். அதுதான் ஒரு பாடம் பாக்க வெளிக்கிட்டா காத்தாடி ஊதி, பெட்டரி விறுவிறெண்டு இறங்குது. "எச்264இஃபை" எண்டு ஒரு சின்ன நீட்சி இரிக்கு, பிரௌசரில போட்டு விட்டா பழைய எச்.264 முறையிலயே வீடியோவைக் கேக்கும். அது எல்லா லெப்டொப்பிலயும் லேசா ஓடும். அதோட 1080ஐ விட்டுட்டு 480இல பாருங்க. பாடம் விளங்கிறதுக்கு அது காணும். டேட்டாவும் மிச்சம்.

சூம் வகுப்பா? கமராவை நிப்பாட்டுங்க. ஏலாட்டி, பின்னால மங்கலாக்கிற அந்த வேலையை மட்டுமாவது நிப்பாட்டுங்க. உங்கட தலைமுடியையும் சுவரையும் நொடிக்கு நொடி பிரிக்கிற வேலை சின்ன வேலை இல்ல. பின்னால கொடியில உடுப்புக் காயுதெண்டா கதிரையைத் திருப்பி வையுங்க, முடிஞ்சிது.

லெப்டொப் திறக்கக்க தானா எழும்பிற புறோகிறாம்களையும் பாருங்க. டாஸ்க் மனேஜரில "ஸ்டார்ட்அப்". அங்க தேவையில்லாதது எல்லாத்தையும் டிசேபிள். அவ்வளவுதான், இதில கதைக்க ஒண்டுமில்ல.

கேமிங் லெப்டொப் வெச்சிரிக்கிற தம்பிமாருக்கு: டிஸ்பிளேயில அட்வான்ஸ்ட் டிஸ்பிளே போய், 144 ஹேர்ட்ஸை 60 ஆக்குங்க. விசைப்பலகையில வானவில் ஓடுதெண்டா அதையும் நிப்பாட்டுங்க. பெட்டரியில ஓடக்க மட்டும்தான். ப்ளக்கில போட்ட பிறகு ஆசைதீர விளையாடுங்க.

இவ்வளவும் செஞ்ச பிறகு மருமகள்ட லெப்டொப் நாலு மணித்தியாலத்துக்குக் கிட்ட நிண்டிச்சு. அதே பெட்டரி. அவட முகத்தைப் பாக்கோணுமே!

ஆனா மற்ற நாள் காலையில போன் வந்திச்சு.

"மாமா, ராத்திரி 80இல மூடி வெச்சன். இப்ப திறந்தா 60தான் இரிக்கு. களவு போகுது மாமா."

களவுதான். இப்பத்த லெப்டொப் கனக்கதுக்கு "ஸ்லீப்" எண்டா முழுத் தூக்கம் இல்ல. போன் மாதிரி அரைத் தூக்கம். வைஃபையோட கதைக்கும், மெயில் பாக்கும், அப்டேட் தேடும். மூடி பேக்குக்குள்ள வெச்சாலும் நடக்கும், அப்ப சூடும் ஏறும். மருந்து இதுதான்: பவர் ஒப்ஷன்ஸில "மூடியை மூடினா என்ன செய்யோணும்" எண்ட இடத்தில, பெட்டரியில ஓடக்க "ஹைபனேட்" எண்டு வையுங்க. எழும்ப கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். ஆனா ராவு மூடினது விடியவும் அப்பிடியே இரிக்கும்.

இவ்வளவும் இண்டைக்கு எத்தின மணித்தியாலம் நிக்கும் எண்ட கதை. எத்தின வருசம் நிக்கும் எண்டது வேற கதை. எங்கட ஊருக்கு அதுதான் பெரிய கதை எண்டு நான் நினைக்கிறன்.

ஏனெண்டா சூடு.

பெட்டரி யுனிவர்சிட்டி எண்டு ஒரு இணையத்தளம் இரிக்கு. கனடாவில கேடெக்ஸ் எண்ட நிறுவனத்தைத் தொடங்கின இசிடோர் புக்மன் எழுதுறது. அதில ஒரு அட்டவணை இரிக்கு, நான் ஆரைக் கண்டாலும் சொல்ற அட்டவணை. லித்தியம் பெட்டரியை ஒரு வருசம் சும்மா வெச்சா எவ்வளவு மிஞ்சும் எண்டது. 25 பாகை சூட்டில, 40 வீதம் சார்ஜோட வெச்சா 96 வீதம் மிஞ்சும். அதே சூட்டில முழுச் சார்ஜோட வெச்சா 80. இனி 40 பாகைக்கு வாங்க. 40 வீதச் சார்ஜில 85. முழுச் சார்ஜில?

65.

பாவிக்காமலே, ஒரே வருசத்தில, மூண்டில ஒரு பங்குக்கு மேல போயிட்டு!

இப்ப எங்கட வீட்டை நினைச்சிப் பாருங்க. கச்சான் காத்து வீசுற காலம், மே, ஜூன் தொடக்கம் ஓகஸ்ட் மட்டும், பகல்ல 33, 34 பாகை சும்மா போகும். சீட் கூரை எண்டா உள்ளுக்கு இன்னும் கூட. அந்த அறையில லெப்டொப்பை மெத்தையிலயோ தலகணியிலயோ வெச்சி, காத்துப் போற ஓட்டையை அடைச்சி, காலையில இருந்து ராவு மட்டும் ப்ளக்கில, 100 வீதத்தில. உள்ளுக்க பெட்டரிக்கு 40 பாகை எண்டது அதிகமே இல்ல. இணையத்தில வாற ஆலோசனை கனக்க கூதல் நாட்டு ஆக்கள் எழுதினது. அவங்களுக்கு 25 பாகை எண்டா வெயில் காலம். எங்களுக்கு 25 எண்டா மார்கழி ராவு.

அதனால, எப்பவும் ப்ளக்கில போட்டு வேலை செய்யிற ஆக்கள் சார்ஜை 80இல நிப்பாட்டுங்க. கனக்க லெப்டொப்பில இதுக்கு இடம் இரிக்கு. லெனோவோ எண்டா வான்டேஜ் செயலியில "கன்சர்வேஷன் மோட்". அசூஸ் எண்டா மைஅசூஸில. டெல்லிலயும் எச்பியிலயும் பயோஸுக்குள்ள தேடுங்க. (பழைய மொடலுகளில சிலதில இல்ல. அப்ப கையால, 80 வந்த உடனே ப்ளக்கைக் கழட்டுறதுதான்.)

"அப்ப கரண்ட் போனா 80தானே மாமா இரிக்கும்?"

இதைத்தான் எதிர்பாத்திரிந்தன். எங்கட நாட்டில இது சும்மா கேள்வி இல்ல.

2022 மார்ச் 31. நாடு முழுக்க 13 மணித்தியால மின்வெட்டு. டொலர் இல்ல, டீசல் இல்ல, நீர்த்தேக்கத்திலயும் தண்ணி காணாது. ஏ, பி, சி எண்டு எழுத்துப் போட்டு ஊரைப் பிரிச்சி, எங்கட எழுத்துக்கு எத்தின மணிக்கு எண்டு ராவு ராவாப் பட்டியல் பாத்தம். 2023 ஜனவரி 23 தொடக்கம் பெப்ரவரி 17 மட்டும் உயர்தரப் பரீட்சை நடந்த நாளிலயும் வெட்டு இரிந்திச்சு. புள்ளைகள் லாம்புக்கு முன்னால குந்தி இருந்து படிச்சதுகள். அதை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு எரியும். மறுகா 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை காலையில பாணந்துறை உப மின்நிலையத்தில ஒரு குரங்கு பாஞ்சதில முழு நாடும் இருட்டு. நுரைச்சோலை அனல்மின் நிலையம் நிண்டு போய், அடுத்த ரெண்டு நாளும் ஒண்டரை மணித்தியால வெட்டு. அந்த வருசமே நவம்பர் கடைசியில டித்வா புயல்.

ஆகவே "எப்பவும் 80" எண்ட விதி எங்களுக்குச் சரிவராது. "எப்பவும் 100"உம் சரிவராது. நான் காலத்தைப் பாத்து மாத்துறன். கச்சான் காலத்தில 80. சூடுதான் அப்ப எதிரி. ஐப்பசி தொடங்கி மாரி மழை வரக்க, வானிலை அறிவித்தல் வந்தா, பட்டியல் வந்தா, 100. அப்ப கரண்ட் போறதுதான் எதிரி, கூதலும் பெட்டரிக்குச் சாதகம். வாடைக்காத்து ஓஞ்சி, வெயில் ஏறக்க மறுகா 80. ஒரு கிளிக் வேலை.

(பட்டியல் வெட்டு நாளுக்கு இன்னொரு விசயம். லித்தியம் பெட்டரி 80 மட்டும் கெதியா ஏறும், கடைசி 20 மெதுவாத்தான் ஏறும். கரண்ட் வந்து கொஞ்ச நேரத்தில போகும் எண்டா முழுசா ஏறல்லயே எண்டு கவலைப்பட வேணாம். லெப்டொப் 80 தொட்டதும் அந்த ப்ளக்கை போனுக்கோ லைட்டுக்கோ குடுங்க.)

பவர் பேங்க் வாங்க நினைக்கிற ஆக்கள் அட்டையில உள்ள பெரிய நம்பரைப் பாத்து மயங்க வேணாம். 20,000 மில்லி அம்பியர்-மணி எண்டா, 3.7ஆல பெருக்கி, ஆயிரத்தால வகுத்துப் பாத்தா 74 வாட்-மணி. போற வழியில கொஞ்சம் சூடாப் போயிடும். மருமகள்ட லெப்டொப்பை ஒருக்கா முழுசா நிரப்பி மிச்சமும் வரும், ஆனா ரெண்டு தரம் வராது. அதோட லெப்டொப்புக்கு டைப்-சியில சார்ஜ் ஏறோணும், பவர் பேங்க் 65 வாட் மட்டில குடுக்கோணும். இல்லாட்டி போனுக்குத்தான் உதவும்.

கரண்ட் போனா வீட்டு ரவுட்டரும் போயிடும். உடனே எல்லாரும் போன் ஹொட்ஸ்பொட்டுக்கு மாறுவம். படுவான்கரைப் பக்கம் உள்ளூருகளில சிக்னல் ஒரு கோடு, ரெண்டு கோடு எண்டு நிக்கிற இடத்தில போன் பாவம், கோபுரத்தைத் தேடியே சூடாகிச் செத்திடும். ரவுட்டருக்கு எண்டு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் இப்ப எல்லாக் கடையிலயும் இரிக்கு. 2022க்குப் பிறகு நான் ஆருக்கும் மனசாரச் சொல்ற ஒரே சாமான் அதுதான்.

இடி மின்னலுக்கு மட்டும் ஒரு வார்த்தை. சித்திரையிலயும் ஐப்பசியிலயும் பின்னேரத்தில வானம் கறுத்திச்செண்டா, செட்டிங் ஒண்டையும் பாக்க வேணாம், ப்ளக்கைக் கழட்டுங்க. பெட்டரி இரிக்கிறதே அதுக்குத்தானே. கரண்ட் போய் வந்த உடனேயும் போட வேணாம், கொஞ்ச நேரம் பொறுங்க. அந்த முதல் நிமிசத்தில வோல்டேஜ் ஏறி இறங்கும்.

இன்னொரு பழக்கத்தையும் விட்டா நல்லம். "மாசத்தில ஒருக்கா முழுசா இறக்கி ஏத்தோணும்" எண்டு இப்பவும் சொல்ற ஆக்கள் இரிக்காங்க. அது நிக்கல் கட்மியம் பெட்டரிக் காலத்துப் பேச்சு. சோனி லித்தியம் அயன் பெட்டரியை 1991இலயே விக்கத் தொடங்கிட்டு. லித்தியத்துக்கு அடியோட இறங்கிறது கெடுதல். 20க்குக் கீழ போக முதல் ஏத்துங்க. "பெட்டரி பூஸ்டர்" எண்டு இணையத்தில கிடக்கிற புறோகிறாம்களையும் போட வேணாம். அதுவும் பின்னால இருந்து குடிக்கிற ஒண்டுதான்.

சரி, எப்பதான் மாத்துறது?

ரிப்போர்ட்டில இண்டைய நம்பர் புது நம்பர்ட பாதிக்கும் கீழ போயிட்டெண்டா மாத்துங்க. 40 வீதம், 30 வீதம் காட்டக்க திடீரெண்டு நிண்டு போகுதெண்டாலும் மாத்துங்க, அது உள்ளுக்கு ஒரு செல் போனதுக்கு அடையாளம். மாத்தக்க பழைய பெட்டரியில அடிச்சிரிக்கிற பார்ட் நம்பரைப் பாத்து அதையே கேளுங்க. கடையில இரிக்கக்கயே போட்டு, நிரப்பி, அந்த ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்க. புது பெட்டரியில ரெண்டு நம்பரும் கிட்டக் கிட்ட இரிக்கோணும். நல்ல கடைக்காரர் இதுக்குக் கோவிக்க மாட்டார்.

மறுகா இது செட்டிங் கதையே இல்ல, ஆனா சொல்லாம விடக் கூடாது. டச்பேட் மேல தள்ளி நிக்குது, மூடி சரியா மூடுதில்ல, அடிப்பக்கம் வீங்கி மேசையில ஆடுது எண்டா, பெட்டரி ஊதிட்டு. அந்த நிமிசமே சார்ஜரைக் கழட்டி, லெப்டொப்பை நிப்பாட்டிப் போடுங்க. அமத்திப் பாக்க வேணாம், குத்திப் பாக்க வேணாம், கழட்டத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க. எங்கட பக்கம் வளவுக் குப்பையைக் கூட்டி எரிக்கிறது வழமை, அதுக்குள்ள பழைய பெட்டரியைப் போட்டிட வேணாம், வெடிக்கும். கழட்டின பெட்டரியைத் திரும்பக் கடையில குடுக்கு மட்டும் மணல் போட்ட தகர வாளியில, வீட்டுக்கு வெளியால, வெயில் படாத இடத்தில, புள்ளைகளுக்கு எட்டாம வையுங்க.